ஒட்டுக்கன்றின் தாகம்

வேலியோரத்தில் யாருடைய சம்ரட்சணையும் இல்லாமல் வளர்ந்து நிற்கும் சுண்டைச் செடியின் வேர்பலத்தைக் கத்தரிக்குக் கடனாக வாங்கித் தருகின்ற ஒட்டுக்கட்டு வித்தை, வாடல் நோயினாலும் வேர்முடிச்சு நூற்புழுவினாலும் நட்ட வயலைப் பாதியிலேயே உழுதுவிட நேர்ந்து மனம் சோர்ந்த நம் குடியானவர்களிடையே இப்போது மெல்லப் பரவி வருகிறது. வித்தை புதியதன்று. ஜப்பானிலும் கொரியாவிலும் 1920களின் பிற்பகுதியிலேயே தர்ப்பூசணியைப் பூசணி, சுரை வேர்களில் ஒட்டி வாடல் நோயைத் தடுத்தார்கள். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையத்தார் தக்காளியைக் கத்தரி வேரில் ஏற்றி, மழைக்காலத்தில் தேங்கும் நீரையும் தாங்கச் செய்தார்கள். ஆனால் வயலைக் காணாமல் நாற்றுப்பண்ணையிலேயே மடிந்துபோகும் கன்றுகளிடம் நாம் போதிய சிரத்தை காட்டுவதில்லை. இரண்டு விதை, இரண்டு நாற்று, ஒருவரின் கைவேலை என்று செலவழித்து உண்டாக்கிய கன்று மடிந்தால், அந்த நஷ்டம் பிழைத்த கன்றின் விலையில் ஏறிக் குடியானவன் தலையில்தான் விடிகிறது.

நானே வீட்டில் இரண்டு குழித்தட்டுக் கன்றுகளைக் கட்டி, இரண்டையும் இழந்து, என் கைக்குப் பழக்கம் போதாது என்று எண்ணியிருந்தேன். சென்ற மாசியில் ஒரு நாற்றுப்பண்ணையின் நிழல்வலைக் குடிலில் அரைநாள் உட்கார்ந்திருந்தபோது அந்த எண்ணம் மாறியது. ஐம்பது வயதை எட்டிய ஓர் அம்மாள், பாதியாக ஒடித்த சவர பிளேடால் சுண்டை நாற்றின் தண்டைச் சரிவாக அரிந்து, அதே சரிவில் அரிந்த கத்தரித் தளிரை அதன்மேல் வைத்துக் கிளிப்பை மாட்டிவிட்டு, தலை நிமிராமலே சொன்னார்: “வெட்டுறது பெரிசில்லைங்க. வெட்டுன பெறகு ஒரு வாரம் பச்ச உடம்புக்காரியப் பாக்குற மாதிரிப் பாக்கணும்.”

சூட்சுமம் முழுவதும் அந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அரிந்த கணத்திலிருந்து அந்தத் தளிருக்கு வேர் கிடையாது. இலையோ நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வெட்டுவாயில் புதுத் திசு திரள மூன்று நான்கு நாட்களும், இரு தண்டுகளின் நீர்க்குழாய்கள் கூடிச் சேர ஏறக்குறைய ஒரு வாரமும் ஆகின்றன. அதுவரை தளிர் தன்னுள் இருக்கும் ஈரத்தைக் கொண்டே ஜீவித்திருக்க வேண்டும். ஆகையால்தான் பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, தட்டுகளை நெகிழித் தாள் போர்த்திய கூண்டில் வைத்து, காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே இறங்காமலும், வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள் நிற்கும்படியும், முதல் இரண்டொரு நாட்கள் வெளிச்சமே படாமலும் காப்பாற்றுகிறார்கள். தாகம் என்று எண்ணிப் பூவாளியால் மேலே நீரூற்றுவதோ பெருந்தீங்கு. வெட்டுவாயில் இறங்கிய நீர் ஒட்டை அழுகவைக்கும். நான் செய்த பிழை அதுவே. முந்தின நாளே தென்னைநார்க் கழிவை நன்றாக நனைத்து, கூண்டின் தரையில் நீரைத் தேக்கி, காற்றைத்தான் ஈரமாக்க வேண்டும்.

சுண்டை முளைப்பதிலும் வளர்வதிலும் மந்தமானது. கத்தரிக்குச் சில வாரங்கள் முன்பே அதை விதைத்தாலொழியத் தண்டுகள் பருமனில் ஒத்துவரமாட்டா. மழுங்கிய பிளேடு திசுவை நசுக்கிவிடும். அழுக்குப் பிளேடு ஒரு நாற்றின் நோயை மறு நாற்றுக்குக் கொண்டுபோகும்.

ஒட்டுப் பிடித்த பின்னும் மரணம் உண்டு. பச்சைப் பசேலென்று நிற்கும் கன்றுகளைக் கண்ட உற்சாகத்தில் போர்வையை ஒரேயடியாக விலக்கிவிட்டால், ஒரு நண்பகலின் உஷ்ணக்காற்றிலேயே தட்டு முழுதும் துவண்டு சாய்ந்துவிடும். அந்த அம்மாள் அந்திவேளையில் ஓர் ஓரத்தை மட்டும் தூக்கிவிடுகிறார். இலை சோர்ந்தால் லேசாகப் பனித்தூவல் விட்டு மூடி, மறுநாள் மீண்டும் திறக்கிறார். வயலில் நடும்போதும் ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். புதைந்தால் கத்தரித் தண்டு தானே வேர்விட, எந்த நோய்க்கு அஞ்சினோமோ அது அவ்வழியே உள்ளே நுழையும். ஒட்டுக்குக் கீழே சுண்டை விடும் துளிர்களையும் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

எட்டாம் நாள் விடியலில் மறுபடி அங்கே போயிருந்தேன். இரவெல்லாம் பனித்தூவலும் இல்லை, போர்வையும் பாதி திறந்தே கிடந்தது. அந்த அம்மாள் ஒரு கன்றின் இலையைத் திருப்பிக் காட்டினார். இலைப்பரப்பு உலர்ந்திருக்க, விளிம்பில் மட்டும் கடுகளவு நீர்த்துளிகள் வரிசையாகத் திரண்டு நின்றன. சுண்டை வேர் குடித்த நீர் ஒட்டைக் கடந்து கத்தரி இலையின் நுனிவரை ஏறியிருந்தது.