சாமான் எது, சுமை எது? எக்செல் சொல்லட்டும்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு மாறுவது என்றால் பெரும்பாலும் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்கிற்குப் போவதுதான். ஒரு மினி லாரி பிடித்து நான்கு நடை அடித்தால் மாலைக்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் 1956ல் தொடங்கிய இந்த நிறுவனம், 2016ல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறிய நிறுவனம், இன்று நெய்வேலியோடு நிற்கவில்லை. ராஜஸ்தானில் பிகானேர் மாவட்டம் பர்சிங்சரில் சுரங்கமும் 250 மெகாவாட் மின் நிலையமும் இருக்கின்றன. ஒடிசாவில் தலாபிரா நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் காட்டம்பூர் மின் நிலையம் இருக்கிறது. எனவே மாறுதல் ஆர்டர் வந்தால் அது 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாலைவன ஊருக்காகவும் இருக்கலாம்.

ஆர்டர் வந்த அன்று இரவே வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். "பீரோவை எடுத்துப் போகலாமா? கட்டில் என்ன ஆகும்? மொத்தம் எவ்வளவு ஆகும்?" அலுவலகம் சாமான் செலவைத் தருமா, எந்த அளவுக்குத் தரும் என்பது ஆர்டரையும் விதிகளையும் பொறுத்தது. ஒப்பந்த வேலைக்கும் தனியார் வேலைக்கும் போகிறவர்களுக்கு முழுச் செலவும் கைப்பணம்தான். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் இந்த நேரத்தில் நல்ல கணக்குப்பிள்ளையாக இருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படை

லாரியில் நீங்கள் வாங்குவது இடம். மூவர்ஸ் நிறுவனங்கள் சாமான் அடைக்கும் இடத்தைக் கன அடியில் கணக்கிட்டுத்தான் விலை சொல்கின்றன. ஆகவே ஒவ்வொரு பொருளும் லாரியில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணம் செய்கிறது எனலாம். அந்த டிக்கெட் விலைக்கு அந்தப் பொருள் தகுதியானதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதிச் செலவைக் குறைக்க வழி கிடைத்துவிடும்.

எக்செல் தாளைத் தயாரிப்போம்

எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். அது இலவசம். புதிய பைலைத் திறந்து முதல் வரிசையில் கீழ்க்கண்ட தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

ஏ: பொருள்
பி: நீளம் (அடி)
சி: அகலம்
டி: உயரம்
இ: கன அடி
எப்: டிக்கெட் விலை
ஜி: போகும் ஊரில் வாங்கும் விலை
எச்: இங்கே விற்றால் கிடைப்பது
ஐ: முடிவு

இனி தள்ளி, கே1 செல்லில் ஒரு கன அடிக்கான கட்டணத்தை எழுதுங்கள். மூவர்ஸ் 400 கன அடிக்கு 60,000 ரூபாய் கேட்டால் கட்டணம் 150 ரூபாய். (இவை புரிவதற்காகச் சொல்லும் எண்கள். உங்களுக்குக் கிடைக்கும் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.)

இ2 செல்லில் சமக் குறியைத் தட்டி, பி2வைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி, சி2, மீண்டும் நட்சத்திரக் குறி, டி2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். கன அடி வந்துவிடும்.

எப்2வில் சமக் குறி, இ2, நட்சத்திரக் குறி, கே1. கே1ஐக் கிளிக் செய்தவுடன் கீபோர்டில் எப்4 கீயை ஒருமுறை தட்ட மறக்காதீர்கள். டாலர் குறிகள் தோன்றும். இதைச் செய்தால்தான் பார்முலாவைக் கீழே காப்பி செய்யும்போது கட்டணம் இடம் மாறாமல் கே1லேயே நிற்கும். சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

ஐ2வில் சமக் குறி, ஜி2, கழித்தல் குறி, எச்2, கழித்தல் குறி, எப்2. அதாவது, இங்கே விற்றுவிட்டு அங்கே வாங்கினால் கையிலிருந்து போகும் பணத்திலிருந்து டிக்கெட் விலையைக் கழிக்கிறோம். விடை கூட்டல் எண்ணாக வந்தால் எடுத்துச் செல்லுங்கள். கழித்தல் எண்ணாக வந்தால் விற்றுவிடுங்கள். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் கணக்கு வந்துவிடும்.

இரண்டு உதாரணம்

ஸ்டீல் பீரோ: 3 அடி, 1.5 அடி, 6 அடி. 27 கன அடி. டிக்கெட் 4,050 ரூபாய். அங்கே புதியது 9,000, இங்கே விற்றால் 3,500 என்று வைத்துக்கொள்வோம். விடை கூட்டல் 1,450. பீரோ ஏறலாம்.

மரக் கட்டில், பிரித்துக் கட்டிய பிறகு: 6 அடி, 5 அடி, 1 அடி. 30 கன அடி. டிக்கெட் 4,500. அங்கே 7,000, இங்கே 3,500. விடை கழித்தல் 1,000. கட்டிலை விட்டுவிடலாம்.

பீரோவைவிடக் கட்டில் கம்பீரமாக இருக்கலாம். ஆனால் கணக்கு அதைப் பார்ப்பதில்லை.

எக்செல்லுக்குத் தெரியாத சில விஷயங்களும் உண்டு. இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டர் பிகானேர் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அது கழித்தல் காட்டினாலும் லாரியில் ஏற்றுங்கள். கனத்த ரஜாய் போன்றவற்றை நேர்மாறாக அங்கேயே வாங்குங்கள். பாலைவனக் குளிருக்கு ஏற்றது அந்த ஊர்க் கடையில்தான் இருக்கும். ஏர் கூலரும் அங்கேதான் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் குறைவு. அப்பா காலத்து டிரங்குப் பெட்டி போன்றவற்றுக்கு ஜி பத்தியில் விலையே எழுத முடியாது. அவற்றுக்கு மட்டும் தாளில் மஞ்சள் நிறம் கொடுத்து வையுங்கள். ஆனால் மஞ்சள் வரிசைகள் ஐந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

ரயிலும் ஒரு லாரிதான்

ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஒரு முழு டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை சாமான் இலவசம். நான்கு முழு டிக்கெட் என்றால் 160 கிலோ. ஸ்லீப்பரில் ஆளுக்கு 80 கிலோ வரை, அதிகப்படிக்குக் கட்டணம் கட்டிப் பதிவு செய்து கொண்டு செல்லலாம். பெட்டியின் அளவு 100, 60, 25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. துணிமணி, புத்தகம், பாத்திரம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கினால் லாரியில் எத்தனை கன அடி மிச்சம் என்று பாருங்கள். ஆனால் வழியில் ரயில் மாற வேண்டியிருந்தால் அத்தனையையும் தூக்க ஆள் வேண்டும். அந்தக் கூலியையும் தாளில் ஒரு வரிசையாக எழுதுங்கள்.

2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் விருத்தாசலம், சென்னை, மதுரை என்று புறப்படும் ஊரை மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். மதுரைக்கும் பிகானேருக்கும் இடையே ஓடும் அனுவிரத் எக்ஸ்பிரஸ் போன்ற நேரடி வண்டி இருந்தால் சாமானோடு ரயில் மாறும் தொல்லை குறையும்.

பைக்கையும் ரயில் பார்சலில் அனுப்பலாம். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள் தேவை. வண்டியைப் புதிய மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கு 2021ல் வந்த பி.எச். வரிசைப் பதிவு இந்த அலைச்சலைத் தவிர்க்க உதவும். பழைய ஸ்கூட்டராக இருந்தால் மறுபதிவுச் செலவையும் எப் பத்தியில் சேர்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மூவர்ஸிடம் பேசும் முன்

குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். எல்லோருக்கும் உங்கள் எக்செல் பட்டியலையே அனுப்புங்கள். அப்போதுதான் ஒரே சாமானுக்கு மூன்று விலை கிடைக்கும். முழு லாரி வேண்டாம், மற்றவர் சாமானோடு சேர்த்து ஏற்றினால் போதும் என்றால் அதற்குத் தனி விலை கேளுங்கள். நாள் கூடும், பணம் குறையும்.

அவர்கள் தரும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். 'இ-வே பில்லுக்குத் தனிக் கட்டணம்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. முழுப் பணத்தையும் முன்னரே கட்டவும் வேண்டாம்.

சமையல் கேஸ் சிலிண்டரை எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, வவுச்சரும் டெபாசிட் பணமும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரே, நீ எப்படி வருவாய்?

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் சாமான் வேறு மாநிலம் போனது. பட்டியலில் 'அட்டைப் பெட்டி 38' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இறக்கியபோது 37தான் இருந்தது. காணாமல் போன பெட்டியில் என்ன இருந்தது என்று எங்களால் எழுத்தில் காட்ட முடியவில்லை. அதில் இருந்தது பழைய துணியும், நடுவில் பத்திரமாகச் சுற்றி வைத்த ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் அத்தனையும் அதில் மட்டும்தான் இருந்தன. துணிக்கு ஒரு தொகை தந்தார்கள். போட்டோவுக்கு யார் தருவார்கள்?

ஆகவே இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஒன்று, எக்செல் பைலில் இரண்டாவது ஷீட்டைத் திறந்து, பெட்டி எண், உள்ளே இருப்பவை என்று எழுதுங்கள். பெட்டியின் மீதும் அதே எண்ணை மார்க்கரால் எழுதுங்கள். லாரி புறப்படும் முன் இந்த ஷீட்டின் பிரிண்ட் அவுட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு, போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்குப் பைல் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் சேர்த்து, ஒரு காப்பியை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் முக்கியமானவற்றைக் கூகுள் டிரைவிலும் வையுங்கள். 15 ஜி.பி. வரை அங்கே இலவசம். எக்ஸ்டர்னல் டிஸ்க் உங்கள் கைப்பையில் ரயிலில் வரட்டும். கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் ஒரே வண்டியில் போகவே கூடாது.

டெஸ்க்டாப் என்றால் கேபிள்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுங்கள். புதிய வீட்டில் எந்த ஒயர் எங்கே என்று திகைக்க வேண்டியிருக்காது. மானிட்டருக்குப் பழைய அட்டைப் பெட்டி இருந்தால் அதுவே சிறந்தது. பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கழற்றத் தெரிந்தவரைக் கொண்டு கழற்றித் தனியே பேக் செய்யுங்கள்.

கடைசியாக, இந்த எக்செல் பைலை அழித்துவிடாதீர்கள். வேலைக்காக ஊர் மாறியவர்களுக்கு இன்னொரு ஆர்டர் எப்போதும் வரலாம். அன்று கே1 செல்லில் புதிய கட்டணத்தையும் ஜி, எச் பத்திகளில் புதிய விலைகளையும் டைப் செய்தால் போதும். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று பைல் சொல்லிவிடும்.