சிமென்ட் இல்லாத கான்கிரீட்: வலுவும் குழைவும்

சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து சிதையும்போது, அதனுள் கட்டுண்டிருந்த கரியமில வாயு வெளியேறியே தீரும் என்பதால், எரிபொருளை மாற்றுவதால் மட்டும் சிமென்ட் தூய்மையடையாது என்பது சென்ற இதழில் விளக்கப்பட்டது. அந்தச் சூளையையே தவிர்க்கும் வழிகளுள் ஒன்றை, 1950களில் கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி, ஊதுலையில் இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடைக் காரப் பொருள்களால் இறுகவைத்து வளர்த்தெடுத்தார். காரத்தால் இறுகும் இத்தகைய பொருளுக்கு ‘ஜியோபாலிமர்’ என்ற பெயரை 1970களின் இறுதியில் வழங்கியவர் பிரான்சின் ஜோசப் டாவிடோவிட்ஸ்.

அனல்மின் நிலையத்து உலர் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் கண்ணாடித் தன்மையில் உறைந்துள்ளன. வெறும் தண்ணீருக்கு அசையாத இவை, காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிக்கேட்டும் சேர்ந்த கரைசலில் கரைந்து, மீண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, மணலையும் ஜல்லியையும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் விஜய ரங்கனும் ஹார்ட்ஜிட்டோவும் இத்தகைய கலவையை 60 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் சூடேற்றி, 40 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அமுக்க வலிமையைப் பெற்றனர். ஆகவே வலுவைப் பற்றிய ஐயம் தீர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம், எஞ்சியிருப்பது குழைவு.

குழைவை அளக்க, 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பைத் தூக்கியபின் கலவை எவ்வளவு அமர்கிறது என்று பார்ப்பது வழக்கம். சோடியம் சிலிக்கேட் பாகுபோலக் கெட்டியான திரவமாதலால், இச்சோதனையில் தேறிய கலவையும் கொத்தனாரின் கரணையில் ஒட்டி இழுக்கும். இறுக்கமான கலவையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றும் பணியிடப் பழக்கம் இங்கே காரத்தை நீர்க்கச் செய்து வலுவைக் குலைக்கும். குழைவூட்டிகளிலும் எல்லாம் உதவா. சாதாரண கான்கிரீட்டில் சிறந்து விளங்கும் சில, இக்கடுங்காரத்தில் செயலிழந்துவிடுகின்றன.

சாம்பல் மட்டும் கலந்த கலவை இரண்டு மணி நேரம்வரை கையாளத் தக்கதாக இருக்கும் என்றாலும், அது விரைந்து வலுப்பெற வெப்பம் தேவை. கசடைச் சேர்த்தால், அதிலுள்ள கால்சியத்தால் சாதாரண வெப்பநிலையிலேயே இறுகும், ஆனால் அளவு மிகுந்தால் கொட்டி முடிப்பதற்குள் இறுகிவிடும். எனவே இத்தொழில்நுட்பத்தின் நுட்பமெல்லாம் இவ்விரண்டின் விகிதத்தில்தான் அடங்கியிருக்கிறது. கசடும் சாம்பலும் கலந்த ஜியோபாலிமர் கான்கிரீட், ஆஸ்திரேலியாவின் டூவும்பா அருகே 2014இல் திறக்கப்பட்ட வெல்கேம்ப் விமான நிலையத்தில், விமானங்கள் நிற்கும் தளத்திலும் இணைப்புப் பாதையிலும் திரும்புமிடத்திலும் பெருமளவில் இடப்பட்டது. ஓடுபாதையின் பெரும்பகுதி மட்டும் தார்க்கலவையாகவே அமைந்தது.

இப்பொருளை முற்றிலும் மாசற்றது என்று புகழ்வது மிகை. மணலையும் சோடா உப்பையும் 1000 டிகிரிக்கு மேல் உருக்கித்தான் சோடியம் சிலிக்கேட்டுக்கு மூலமான கண்ணாடி செய்யப்படுகிறது. கசடும் கேட்பாரற்றுக் கிடக்கும் கழிவன்று. இந்தியாவில் கசடு சிமென்ட் ஆலைகள் அதை விலை கொடுத்து வாங்குகின்றன. மேட்டூரில் அனல்மின் நிலையமும் காஸ்டிக் சோடா ஆலையும், அருகே மேச்சேரிப் பகுதியில் ஊதுலை கொண்ட இரும்பாலையும் இருப்பதால் அவ்வட்டாரத்தில் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. எனினும், தோலைச் சுடும் காரத்தை வீடு கட்டுமிடங்களுக்குக் கொண்டுசெல்வதைவிட, அளவும் வெப்பமும் கட்டுக்குள் இருக்கும் வார்ப்புக்கூடங்களில், நடைபாதைக் கற்களிலும் மின்கம்பங்களிலும் தொடங்குவதே இப்போதைக்குப் பொருத்தமானது.

(தொடரும்)