மண்ணுக்குள் மறைந்திருக்கும் மாசு

வாகனப் பழுதுபார்ப்பு நிலையங்களில் நாள்தோறும் இயந்திர எண்ணெய் மாற்றப்படுகிறது. பழைய மின்கலங்கள் கழற்றப்படுகின்றன. பிசுக்கேறிய பாகங்கள் கரைப்பான்களால் கழுவப்படுகின்றன. அப்போது தரையில் சிந்துவதைத் துடைத்துவிடலாம். ஆனால், தரையின் வெடிப்புகள் வழியாகவும் துருப்பிடித்த நிலத்தடித் தொட்டிகளிலிருந்தும் கசியும் எண்ணெய் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அது பல ஆண்டுகள் மண்ணில் ஊறி, நிலத்தடி நீரையும் எட்டக்கூடும்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். லிட்டில் இந்தியா, ஜாலான் புசார் வட்டாரங்களில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாயில் சேர்ந்து மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. அந்த நீர் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்களுக்கு வருகிறது. ஆகவே, நகரின் நடுவே உள்ள ஒரு பட்டறையின் தரையும் நம் குடிநீரோடு தொடர்புடையதே.

1977ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த துப்புரவுத் திட்டத்தின்போது, சிங்கப்பூர் ஆறு, காலாங் படுகை ஆகியவற்றின் கரைகளிலிருந்து ஏறத்தாழ 2,800 சிறுதொழில்கள் இடம் மாற்றப்பட்டன. பட்டறைகளை இடம் மாற்றலாம்; மண்ணில் ஊறிய எண்ணெயோ தானாக இடத்தைக் காலி செய்வதில்லை. அதைக் கண்டறிய முறையான ஆய்வு தேவை.

மாசு ஏற்படுத்தக்கூடிய தொழில்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது, ஜேடிசி நிறுவனம் சுற்றுப்புற அடிப்படை ஆய்வு ஒன்றைக் கேட்கிறது. நிலத்தைத் திருப்பித் தரும்போதும் அதே ஆய்வு நடைபெறும். இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் சேர்ந்த மாசு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அதை அகற்றும் பொறுப்பு குத்தகைதாரருடையது.

ஆய்வின் முதற்படி, பழைய ஆவணங்களைப் படிப்பது. எண்ணெய்த் தொட்டி எங்கே இருந்தது? கழிவுநீர் எவ்வழியே சென்றது? பழைய வரைபடங்களும் அங்கு வேலை பார்த்தவர்களின் நினைவுகளும் இதற்கு உதவும். பிறகு, ஆய்வாளர்கள் இடத்தை நேரில் சுற்றிப் பார்த்து, கறைகளையும் வெடிப்புகளையும் குறித்துக்கொள்வார்கள். துளையிட வேண்டிய இடங்கள் இவ்வாறே தீர்மானிக்கப்படுகின்றன.

அடுத்து, மண்ணில் துளையிட்டு வெவ்வேறு ஆழங்களில் மாதிரிகள் எடுக்கப்படும். சில துளைகள் கண்காணிப்புக் கிணறுகளாக மாற்றப்படும். மெல்லிய கீறல்கள் கொண்ட பிளாஸ்டிக் குழாயை உள்ளே இறக்கி, அதைச் சுற்றி மணலை நிரப்பி, மேற்பகுதியைக் களிமண்ணால் அடைப்பார்கள். மழைநீர் நேராக உள்ளே புகாமலிருக்கவே இந்த ஏற்பாடு. குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிட்டால், நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அறியலாம். நீர் வந்துசேரும் பக்கத்தில் உள்ள கிணற்றிலேயே மாசு இருந்தால், அது அண்டை நிலத்திலிருந்து வந்திருக்கலாம். இதைக் கவனிக்காவிட்டால், செய்யாத தவற்றுக்கு ஒருவர் பொறுப்பேற்க நேரிடும்.

எல்லா மாசும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டீசலும் இயந்திர எண்ணெயும் நீரின்மேல் மிதக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீன் ஓரளவு நீரில் கரைந்து அதனுடன் நகரும். பிசுக்கை அகற்றும் சில கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை என்பதால் அடியில் தங்கிவிடும். மின்கலத்திலிருந்து வெளியேறும் ஈயம் மண்துகள்களைப் பற்றிக்கொள்ளும். எனவே, மேல்மட்ட நீரை மட்டும் சோதித்தால் போதாது.

ஆய்வுக்கூட முடிவுகளைச் சிங்கப்பூரில் நெதர்லாந்து நாட்டின் அளவுகோல்களோடு ஒப்பிடுவது வழக்கம். மண் மாசின் விலையை அந்நாடு அனுபவத்தில் அறிந்தது. லெக்கர்கெர்க் என்ற ஊரில், இரசாயனக் கழிவு புதைக்கப்பட்ட நிலத்தின்மேல் வீடுகள் கட்டப்பட்டிருந்தன. 1980ஆம் ஆண்டு உண்மை வெளிப்பட்டபோது, 250க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

அத்தகைய நிலை இங்கு வராமலிருக்க, கட்டுவதற்கு முன்பே மண்ணைச் சோதிப்பது அவசியம். லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்த காலாங் எரிவாயு ஆலை 1862 முதல் 1998 வரை இயங்கியது. அந்த நிலத்தைக் குடியிருப்புக்குப் பயன்படுத்தத் திட்டமிட்டபோது, முதலில் மண்ணைத் தூய்மைப்படுத்துவது இன்றியமையாததாயிற்று. மாசடைந்த மண்ணைத் தோண்டி அகற்றுதல், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்தல், எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களைப் பெருகச் செய்தல் எனத் தூய்மைப்படுத்தும் வழிகள் பல உண்டு. ஆனால், எல்லாவற்றுக்கும் காலமும் பணமும் மிகுதியாகத் தேவை.

அவற்றோடு ஒப்பிட்டால் முன்னெச்சரிக்கை எளிது. எண்ணெய்க் கலன்களுக்கு அடியில் தட்டு வைப்பது, வெடித்த தரையை உடனே பூசுவது, பழைய எண்ணெயை உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைப்பது ஆகியவை ஒரு பட்டறை நாள்தோறும் செய்யக்கூடியவை. அந்த நிலத்தில் நாளை வீடு கட்டிக் குடியேறுபவர் யார் என்பது இன்று அங்கு வேலை செய்பவருக்குத் தெரியாது. ஆயினும், அவருடைய நலம் இன்றைய கவனத்தையே நம்பியிருக்கிறது.