24 வோல்ட்டை 5 ஆக்குவது

பெரியகுளத்திலிருந்து வராக நதியை ஒட்டியே வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று இறங்கினால் வழி நெடுக நெல்லும் வாழையும் தென்னையும்தான். தோப்பு ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும். காப்பர் வயரை அறுத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பயந்து மோட்டார் ரூமுக்கு ஒரு கேமரா வைக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. கரண்டை நம்ப முடியாது என்பதால் கூரையில் ஒரு சோலார் பேனல், உள்ளே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். ஆனால் கேமராவும் அதன் சிம் கார்டு ரவுட்டரும் கேட்பது 5 வோல்ட், சுமார் 2 ஆம்பியர். இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன போர்டு வேண்டும். எரிவதும் அந்தப் போர்டுதான். எலக்ட்ரீஷியனிடம் காட்டினால், "போர்டு டூப்ளிகேட்ணே" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும்.

பாதி உண்மை. மீதிப் பாதியைப் போர்டுக்கு வெளியே தேட வேண்டும் என்பது என் கட்சி.

மாறுமின்சாரமாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையம் 1958-லிருந்து அனுப்பும் மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் ஓடி, ஊர் எல்லையில் டிரான்ஸ்பார்மரில் இறங்கி வீட்டுக்கு வருகிறது. நேர்மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் கண்டுகொள்ளாது. கூடுதல் வோல்ட்டைச் சூடாக்கி எரித்துவிடும் பழைய ரெகுலேட்டரைப் போட்டால் கணக்கு இப்படி வரும்: 24-இல் 5 போக 19 வோல்ட், அதை 2 ஆம்பியரால் பெருக்கினால் 38 வாட் வெறும் சூடு. கேமராவுக்குக் கிடைப்பதோ 10 வாட்.

எனவே அடைத்து அடைத்துத் திறப்பது ஒன்றே வழி. மடையை ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து, தண்ணீரைத் தொட்டியில் விட்டு, தொட்டியிலிருந்து சீராக வாய்க்காலுக்கு எடுப்பதைப் போலத்தான். 5-ஐ 24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 21 சதவீதம். அவ்வளவு நேரம் மட்டும் சுவிட்ச் திறந்திருக்கும். பரவலாகப் பயன்படும் எல்.எம். 2596 என்ற சில்லு நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை இதைச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் திறந்திருப்பது சுமார் 1.4 மைக்ரோ வினாடி. அந்த நேரத்தில் செம்புக் கம்பி சுற்றிய காயில் ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேர்க்கும். சுவிட்ச் மூடியதும் காயிலின் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும். அது சுற்றிவரப் பாதை கொடுப்பது டையோடு. மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கெப்பாசிட்டர் சமப்படுத்தும். நான்கே உறுப்புகள். திறன் 80 சதவீதம் என்று வைத்தாலும் பேட்டரியிலிருந்து போவது அரை ஆம்பியர் சொச்சம், வெளியே வருவது 2 ஆம்பியர். மீட்டரில் இதைப் பார்த்து மீட்டர் பழுது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. வாட்டைப் பெருக்கிப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடும்.

இந்தச் சுவிட்ச் வித்தையைப் பெரிய சக்திக்கு எடுத்துச் சென்றவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். 1948-இல் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சை உருவாக்கிய ஜெயந்த் பாலிகா. மின்ரயிலிலும் மின்காரிலும் வேலை செய்வது அது. 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தபோது நம் ஊர்ப் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம்.

சரி, போர்டு ஏன் எரிகிறது? முதல் சந்தேகம் பேனலின் மேல். 24 வோல்ட் என்று சொல்லி விற்கும் பேனலில் பெரும்பாலும் 72 செல்கள் இருக்கும். சுமை இல்லாதபோது அது தரும் அழுத்தம் 44, 45 வோல்ட். குளிரக் குளிர இது ஏறும். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 சதவீதம். மார்கழிக் காலையில் மலைக்காற்றில் ஆறிக் கிடக்கும் பேனலின் மேல் வெயில் விழுந்தால் 46 வோல்ட் வரலாம். எல்.எம். 2596 தாங்குவது 40. பேட்டரி நடுவில் இருக்கும்வரை அது அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரி முனையில் பச்சை பூத்து இணைப்பு விட்டுப்போனால், மலிவான சில சார்ஜ் கன்ட்ரோலர்கள் பேனல் வோல்ட்டை அப்படியே போர்டுக்குத் தள்ளிவிடும். போர்டை மாற்றினால் அடுத்ததும் போகும். ஐந்து நிமிடம் ஒதுக்கி முனையைச் சுரண்டித் துடைத்து இறுக்கியிருந்தால் முதல் போர்டே பிழைத்திருக்கும்.

இரண்டாவது, வயரைச் செருகும்போது தெறிக்கும் பொறி. நீளமான வயருக்கும் காயில் குணம் உண்டு. போர்டின் நுழைவில் சிறிய செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால், செருகிய கணத்தில் அழுத்தம் ஊசலாடி, பேட்டரியின் வோல்ட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரை எகிறும். மைக்ரோ வினாடிக் கணக்கில் முடிந்துவிடுவதால் மல்டிமீட்டருக்குத் தெரியவே தெரியாது, ஆசிலோஸ்கோப்பில்தான் அகப்படும். இதில் ஒரு வேடிக்கை: பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் ஊசலாட்டம் அடங்கிவிடும். அதன் உள்தடை அதிகம் என்ற குறைதான் இங்கே காப்பாற்றுகிறது.

டூப்ளிகேட் புகாரையும் தள்ளிவிட முடியாது. 2596 என்று அச்சிட்ட சில சில்லுகள் ஒன்றரை லட்சத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் முறைதான் துடிக்கின்றன. வேகம் மூன்றில் ஒன்றானால் அதே காயிலில் மின்னோட்ட ஏற்ற இறக்கம் மூன்று மடங்கு. 33 மைக்ரோஹென்றி காயிலில் 0.8 ஆம்பியராக இருக்க வேண்டியது 2.4 ஆகிவிடும், உச்சம் 3 ஆம்பியரைத் தாண்டும், காயிலின் உட்கரு காந்தத்தால் நிறைந்து, பிறகு அது வெறும் கம்பித் துண்டுதான். பழுது பார்க்கும்போது ஷாட்கி டையோடுக்குப் பதில் கையில் கிடைத்த 1என்4007-ஐப் போடுவதும் இதே ரகம். 50 ஹெர்ட்ஸ் வேலைக்கு அது தங்கம். இங்கே அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் கொதிக்கும்.

இன்னொரு வகைப் பழுது எனக்கு மிகவும் பிடித்தது. பகலெல்லாம் கேமரா ஒழுங்காக ஓடும். இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். போர்டில் மீட்டரை வைத்தால் சரியாக 5 வோல்ட். இரவில்தான் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், மின்னோட்டம் கூடும். போர்டு மோட்டார் ரூமில், கேமரா 30 மீட்டர் தள்ளித் தென்னையில், நடுவில் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால், போக வர 60 மீட்டருக்குத் தடை ஏறக்குறைய 1 ஓம். 2 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் வயரிலேயே தொலைகிறது. கேமராவுக்கு மிஞ்சுவது 3. அதே வயரில் 24 வோல்ட்டை அனுப்பி, போர்டைக் கேமரா பக்கத்தில் கொண்டுபோய் மாட்டினால் இழப்பு அரை வோல்ட்தான், அதைப் போர்டே சரிக்கட்டிவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு இன்வர்ட்டர் இல்லாத சோலார் வீடுகளை வடிவமைத்தபோது 12-ஐ விட்டு 48 வோல்ட்டைத் தேர்ந்ததிலும் இந்த வயர்க் கணக்கு உண்டு.

போர்டை உள்ளே வைத்துத் தென்னையில் மாட்டும் டப்பாவுக்கு நிழல் பக்கமாகப் பாருங்கள். 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று எழுதிய கெப்பாசிட்டர் ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் சுமார் இரு மடங்கு உழைக்கும். 85 டிகிரியில் 8000 மணி, அதாவது பதினொரு மாதம். 65 டிகிரியில் மூன்றரை ஆண்டைத் தாண்டும். காற்றோட்டத்துக்காக டப்பாவின் அடியில் துளை போட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும், அதனால் துளைக்குக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுவது நல்லது.