பின்கொசுவக் கட்டு

சேலையுடுத்தும் முறை யாதென வினவின், முன்புறத்தே கொசுவம் அமைத்துத் தலைப்பை இடத்தோளின்மேல் இடுதலே என்று நம்மவருட் பெரும்பாலார் விடை பகர்வர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் வழங்கிய பின்கொசுவக் கட்டோ வேறு. இன்று அதனை முதுபெண்டிர் சிலரிடத்தே காண்கின்றோம். அஃது அவரோடு மறையுமுன் அதன் இயல்பை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

கொய்தல் என்பதற்குப் பறித்தலேயன்றி ஆடையை மடித்தலும் பொருளாம். அதனின்று பிறந்த கொய்சகம் என்னும் சொல்லே மருவிக் கொசுவமாயிற்று.

நாம் அறிந்த முறையில் துணியை முதலிற் சுற்றிப் பின்னர் மடிப்போம். இக்கட்டிலோ மடிப்பே முற்பட நிகழ்வது. 8 கெஜப் பருத்திச் சேலை இதற்கு ஏற்றது; பட்டு வழுக்குமாதலின் புதிதாகக் கற்பார்க்கு ஆகாது. தலைப்பிற்கு எதிரான உள்முனையிலிருந்து இரண்டு மூன்று கெஜத் துணியைக் கையகல மடிப்புகளாக அடுக்கி, அடுக்கின் தலை சிறிது மேலே நிற்குமாறு முதுகுப்புறத்து இடையில் வைத்துப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். எஞ்சிய துணியை இடையைச் சுற்றி இறுக்கிக் கொணர்ந்து அம்மடிப்பின் மேலாகவே செலுத்துவர். அச்சுற்றே கச்சாக நின்று கொசுவத்தைப் பற்றிக்கொள்ளும். மேலெழுந்து நின்ற மடிப்புத் தலைகள் புறத்தே சாய்ந்து விசிறிபோல் விரியும். மீண்டும் சுற்றி, மார்பின் குறுக்கே இடத்தோளில் ஏற்றி, முதுகின் வழியே வலப்புறமாகத் தலைப்பை முன்கொணர்ந்து இடையிற் செருகுவர். ஊர்தோறும் சிறு வேறுபாடுகள் உண்டு.

துணியைத் துணியே தாங்குதலின் நாடா கோத்த உட்பாவாடை இதற்கு வேண்டுவதில்லை. முன்புறத்தில் மடிப்பின்மையால் குனிந்து நாற்று நடுவார்க்கும் நீர்க்குடம் சுமப்பார்க்கும் கால் தடுக்குவதில்லை. அழகிற்கென அமைந்ததாகத் தோன்றும் அவ்விசிறி, உண்மையில் உழைப்பார் கண்ட உபாயமென்றே யாம் கருதுகின்றோம். மடிசாரிற்போல் துணி கால்களினிடையே செல்வதும் இல்லை.

இக்கட்டிற்குப் பெயர்பெற்றது செட்டிநாட்டுக் கண்டாங்கி. கட்டங்களும் அகன்ற கரையும் உடையது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. மகிழத்தக்கதே. ஆயினும், அக்குறியீடு நெய்த துணிக்கு உரியதேயன்றி அதனை உடுத்தும் கைத்திறனுக்கு உரியதன்று. நூற்றுக்கு மேற்பட்ட சேலைக்கட்டுகளைப் படங்களோடு தொகுத்து 1997-இல் நூலாக்கியவர், பிரெஞ்சு நாட்டு மானிடவியலறிஞர் சாந்தல் புலாஞ்சே என்னும் அம்மையார். பழஞ்சுவடி தேடித் தொகுத்த நம் நாட்டார்க்கு இஃது எங்ஙனம் எட்டாதுபோயிற்றோ!

கடைகளிற் கிடைக்கும் 6 கெஜச் சேலையிலும் இதனைக் கட்டலாம். மடிப்பு மட்டும் குறையும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவியர் தம் பாட்டியாரை அணுகிக் கேட்பாராக. மடிப்புத் தலையை எவ்விரல்களாற் பற்றிக்கொண்டு மறுகையாற் சுற்றுவது என்பதை எழுத்திற் காட்டுதல் அரிது.