பச்சோந்திக் குஞ்சுக்கு நீர் கொடுக்கும் முறை

மன்னார், புத்தளம் முதலிய வறண்ட பகுதிகளில், வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாக இடுவதற்குப் பூவரசு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் குழையை வெட்டும்போது, விரல் நீளமேயுள்ள பச்சை நிறப் பிராணியொன்று கிளைகளோடு கீழே வந்து சேர்வதுண்டு. வீட்டுச் சிறுவர் அதனை எடுத்துச் சென்று ஒரு போத்தலில் அல்லது பெட்டியில் இட்டு, பக்கத்தில் ஒரு சிரட்டை நீரும் வைத்து வளர்க்க முற்படுவர். சில நாட்களில் அதன் கண்கள் குழிவிழும். குச்சியைப் பற்றும் வலிமை குன்றும். பின்னர் அது இறந்துவிடும். சிரட்டையிலுள்ள நீரோ வைத்தபடியே இருக்கும். தீனி தின்னாமல் இறந்தது என வீட்டார் எண்ணுவர். ஆயினும், இவ்வாறு இறக்கும் குஞ்சுகளிற் பலவற்றைக் கொல்வது தாகமேயாகும். நீர் அருகில் இருந்தும் அது தாகத்தால் இறப்பது ஏன் என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

இனம் அறிதல்

இலங்கையில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே. இது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் காணப்படுகின்றது. வேலிகளில் ஓடித்திரியும் பச்சை நிற ஓணானைப் பச்சோந்தியெனச் சிலர் மயங்குவர். ஓணான் விரைந்து ஓடும். பச்சோந்தி முன்னும் பின்னும் அசைந்து அசைந்து மெல்ல நடக்கும். அதன் கால்விரல்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்து குறடுபோற் கிளையைப் பற்றும். வால் கிளையைச் சுற்றிக்கொள்ளும். கண்கள் இரண்டும் வெவ்வேறு திசைகளில் தனித்தனியே திரும்பும். அதற்கு நஞ்சு இல்லை. வெட்டுக்கிளி, ஈ, புழு முதலியவற்றை நீண்ட நாவினாற் பிடித்து உண்ணும் இப்பிராணியால் பயிருக்கு யாதொரு தீங்கும் இல்லை.

பாத்திரத்து நீரைப் பருகாமை

பச்சோந்தி தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை மரங்களிலும் செடிகளிலும் கழிப்பது. அங்கே குளமும் இல்லை, தொட்டியும் இல்லை. அதிகாலைப் பனித்துளியும் மழைத்துளியும் இலைகளில் தங்கிப் பளபளப்பதையும், நுனியில் வழிந்து அசைவதையும் கண்டே அது நீரென அறிந்து நக்கிப் பருகும். அசைவின்றிக் கிடக்கும் நீரை அது பெரும்பாலும் நீரென உணர்வதில்லை. எனவே, பாத்திரம் நிறைய நீர் வைப்பினும் அதற்குப் பயனில்லை. சின்னஞ்சிறு குஞ்சு அதில் விழுந்து மூழ்கி இறத்தலுங் கூடும். பச்சோந்திக்கு நீரை இலையின் மேலேயே கொடுத்தல் வேண்டும். ஏனைய முறைகள் யாவும் இதனை அடியொற்றியனவே.

குஞ்சுக்கு ஆபத்து மிகுதி

சிறு மண்கட்டி பெரிய மண்கட்டிக்கு முன்னரே உலர்ந்துவிடுவதைக் கமக்காரர் கண்டிருப்பர். குஞ்சின் நிலையும் அத்தகையதே. உடலின் நிறையோடு ஒப்பிடுமிடத்து அதன் தோற்பரப்பு மிகுதி. ஆதலால், வளர்ந்த பச்சோந்தியிலும் பார்க்க விரைவில் அது நீரை இழக்கும். உடலிற் சேமித்து வைத்திருக்கும் நீரும் சொற்பமே. சோளகக் காற்று வீசும் வெப்பமான நாட்களில் இவ்விழப்பு மேலும் அதிகரிக்கும். வளர்ந்த பிராணி தாங்கக்கூடிய வரட்சி குஞ்சுக்கு மரணத்தை விளைக்கலாம்.

தங்குமிடம்

நலமாகவுள்ள குஞ்சை வீட்டுக்குக் கொண்டு செல்லுதல் வேண்டியதில்லை. வெட்டப்படாத வேலியின் அடர்ந்த கிளையொன்றில் உடனே விட்டுவிடுதலே தகும். காயமுற்றதையும் சோர்ந்து கிடப்பதையும் மாத்திரமே தற்காலிகமாகப் பராமரித்தல் வேண்டும்.

இதற்குப் போத்தலும் மூடிய பெட்டியும் ஏற்றனவல்ல; அவற்றில் வெப்பமும் புழுக்கமும் மிகும். நாற்புறமும் நுண்ணிய வலையடித்த கூடு, அல்லது வலைத்துணியால் மூடிய கூடை போதுமானது. அதனுள் இலைகளோடு கூடிய மெல்லிய கிளைகளை நட்டு, மரநிழலில் வைத்தல் வேண்டும். கிருமிநாசினி தெளித்த தோட்டத்துக் கிளைகளை எக்காரணங்கொண்டும் உபயோகித்தலாகாது. அங்கு பிடித்த பூச்சிகளைத் தீனியாகக் கொடுத்தலும் ஆகாது. கொடுக்கும் பூச்சி, குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தினும் பெரிதாக இருத்தல் கூடாது.

நீர் தெளித்தல்

காலையும் மாலையும், வெப்பம் மிகுந்த நாட்களில் நண்பகலுக்கு முன் இன்னொரு முறையும், கூட்டிலுள்ள இலைகளின் மேல் நீரை நுண்துளிகளாகத் தெளித்தல் வேண்டும். சிறு தெளிபோத்தல் இருப்பின் இலகுவாகும். இல்லையேல், வேப்பங்குழையொன்றை நீரில் தோய்த்து இலைகளுக்கு மேலே உதறினாலும் போதும். பயிருக்கு மருந்து தெளித்த கருவியை, எத்துணை முறை கழுவியிருப்பினும், இதற்கு உபயோகித்தலாகாது. நீர் மிகக் குளிர்ந்ததாகவோ உவர்நீராகவோ இராது, குடிக்கத்தக்க நன்னீராக இருத்தல் வேண்டும்.

தெளிக்கத் தொடங்கியவுடன் குஞ்சு கண்களை மூடிக்கொள்ளும். அல்லது இலைமறைவுக்கு நகரும். நீர் வேண்டாமென அது வெறுப்பதாக எண்ணி அப்போதே நிறுத்திவிடுவது பலரும் செய்யும் தவறாகும். முகத்தில் நேரே அடிக்காது, இலைகளின் மேல் மென்மையாகச் சில நிமிடங்கள் தொடர்ந்து தெளித்தால், அது மெல்லத் தலையை நீட்டி இலை நுனியை நக்கத் தொடங்கும். அவ்வாறு பருகத் தொடங்கிய பின்னரும் சிறிது நேரம் தெளித்தல் நன்று.

துளிப்பேணி

எந்நேரமும் அருகிலிருந்து தெளிக்க இயலாதவர்க்குத் துளிப்பேணி பேருதவி புரியும். சுத்தமான தகரப்பேணியொன்றின் அடியில் ஊசியால் துளையிட்டு, பருத்தி நூலொன்றை அதன் வழியே கோத்து, கூட்டின் மேல் தொங்கவிடுதல் வேண்டும். பேணியில் வார்த்த நீர் நூல் வழியே இறங்கித் துளித்துளியாக இலைகளில் விழும். காலையில் அரை மணி நேரம் இவ்வாறு துளிகள் விழுமாயின் குஞ்சு தனக்கு வேண்டிய அளவைத் தானே பருகிக்கொள்ளும். மிஞ்சும் நீரைச் சேர்ப்பதற்கு, குஞ்சு உள்ளே விழாதவாறு கூட்டிற்கு வெளியே, அதன் அடியில் ஒரு பாத்திரம் வைத்தல் வேண்டும். பேணியை நாள்தோறும் கழுவிப் புதிய நீர் வார்த்தல் அவசியம்.

நீர் கொடுக்கும் வேளைகளுக்கு இடையில் இலைகள் உலர்ந்துவிடல் வேண்டும். இரவும் பகலும் ஈரம் தேங்கி நின்றால் பூஞ்சணம் பிடித்து, தோலிலும் நோய் தோன்றும்.

அறிகுறிகள்

பச்சோந்தியின் எச்சத்தில் கரிய பகுதியொன்றும் வெண்ணிறப் பகுதியொன்றும் உண்டு. வெண்பகுதி வெண்மையாகவே இருப்பின் உடலில் நீர் போதியதாக உள்ளது எனலாம். அது கடும் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினால் நீர் குறைந்துவிட்டது. அதன் நுனியில் மாத்திரம் இலேசான மஞ்சள் காணப்படின் அஞ்சவேண்டியதில்லை.

கோபுரம்போற் புடைத்து நிற்கவேண்டிய கண்கள் உள்ளே அமிழ்தல், விலாப்புறத் தோல் சுருங்கி மடிப்பு மறையாதிருத்தல், தீனியை நோக்காதிருத்தல் ஆகியன அடுத்த அறிகுறிகள். பகலிலும் கண்களை மூடிக்கொண்டிருத்தல் பெரும் ஆபத்தைக் காட்டும். நிறம் கறுப்பதை மாத்திரம் கொண்டு தாகமென முடிவுசெய்தல் சரியன்று. குளிர்ந்த காலையில் வெயிலின் வெப்பத்தைப் பெறுதற்கும், அச்சமுற்றபோதும் அது நிறம் கறுக்கும்.

முதல் அறிகுறி தோன்றியவுடன் தெளிக்கும் தடவைகளையும் நேரத்தையும் கூட்டுதல் வேண்டும். வாயைப் பலவந்தமாகத் திறந்து நீர் வார்த்தல் கூடாது. நீர் சுவாசப்பையினுட் சென்று, தாகத்தாற் சாக இருந்ததை விரைவிற் கொன்றுவிடும். கண்களைத் திறவாத குஞ்சைத் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

சட்டமும் விடுவித்தலும்

யேமன் நாட்டுப் பச்சோந்தி போன்ற சில இனங்கள் அயல்நாடுகளில் கூடுகளிற் பெருக்கப்பட்டு வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. அவற்றுக்கும் நீர் கொடுக்கும் முறை இதுவே. இலங்கைப் பச்சோந்தியோ, 1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2009 ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்ட விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதனைப் பிடித்து வளர்த்தலும் விற்றலும் குற்றமாகும். எனவே, காயமுற்ற குஞ்சைக் கண்டெடுத்தவர் அண்மையிலுள்ள வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவர் கூறும்வரை மாத்திரமே மேற்கூறிய முறையிற் பராமரித்தல் வேண்டும்.

வேலி வெட்டுங்கால்

குஞ்சு வேலியிலிருந்து விழாது தடுப்பதே மேலானது. வேலி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையாக்காது, ஒரு பகுதியை வெட்டி, அது தளிர்த்த பின்னர் மறுபகுதியை வெட்டலாம். வெட்டிய குழையை உடனே சேற்றில் மிதிக்காது, ஒரு மாலைப்பொழுது வேலியோரத்து நிழலில் வைத்து, புரட்டிப் பார்த்தல் நன்று. குஞ்சு காணப்படின் கையாற் பிடித்து இழுத்தலாகாது; ஒரு குச்சியை முன்னே நீட்டினால் அது தானே பற்றி ஏறிக்கொள்ளும். அக்குச்சியோடு அதனைப் பசுமையான கிளையிற் சேர்த்துவிடுதல் வேண்டும். மறுநாள் விடியலில் அக்கிளையின் இலைகளில் தங்கும் பனித்துளியே அதற்குப் போதிய நீராகும்.