ஒன்றரை வயது எஜமானி!

வீட்டுக்கு எஜமான் யார்?

"நான்தான்" என்பார் கணவர். "அப்படியே நினைத்துக் கொண்டிருங்கள்" என்பாள் மனைவி.

இருவர் சொல்வதும் உண்மை அல்ல. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை இருக்கிற வீட்டில் எஜமானி அவள்தான். எப்போது விளக்கை அணைப்பது, யார் எந்த நாற்காலியில் உட்காருவது, மிளகாய்த்தூள் டப்பா எவ்வளவு உயரத்தில் இருப்பது, எல்லாமே அவள் உத்தரவுப்படிதான் நடக்கும்.

அவளுடைய தர்பார் காலை 6 மணிக்கே கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்ற சலுகை கிடையாது. தூங்கும் அப்பாவின் இமையை விரலால் பிரித்துப் பார்ப்பாள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று சோதனை!

பொம்மை எதற்கு?

மாமா ஆசையாக வாங்கி வந்த விலை உயர்ந்த பொம்மை மூலையில் கிடக்கும். அது வந்த அட்டைப் பெட்டிக்குள் அவள் உட்கார்ந்திருப்பாள்.

சமையல் அறையின் கீழ்த்தட்டுதான் அவளுக்குக் கடைவீதி. எவர்சில்வர் டம்ளர், இட்லித் தட்டு, வடிகட்டி எல்லாம் வெளியே வரும். இட்லித் தட்டைக் கரண்டியால் தட்டினால் ஒரு ஓசை. தரையில் அடித்தால் வேறு ஓசை. கச்சேரி முடிந்ததும் வெங்காயக் கூடை கவிழும். ஒவ்வொரு வெங்காயமாக எடுத்துப் பாட்டி மடியில் போடுவாள். கூடை காலியானதும், மடியில் இருந்து எடுத்து மறுபடி கூடையில் போடுவாள். அரை மணி நேரம் பாட்டி நகர முடியாது. நகரப் பாட்டிக்கு மனமும் கிடையாது!

சாப்பிடும்போது கரண்டியைக் கீழே போடுவாள். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுவாள். பத்தாவது தடவை அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் அது குறும்பு அல்ல, ஆராய்ச்சி!

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதைத் தம் வீட்டிலேயே கண்டவர். அவருக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். 1920-களிலும் 1930-களிலும் அவர்கள் பக்கத்தில் இருந்து, செய்வதை எல்லாம் கவனித்து எழுதி வைத்தார். ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள், ஒரு பொருளை இப்படிப் போட்டால் என்ன ஆகும், அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று குழந்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறது என்றார். அம்மா எத்தனை தடவை குனிந்து எடுப்பாள் என்பதும் அந்த ஆராய்ச்சியில் சேர்த்திதான் போலும்.

அவள் அகராதி

'ங்கா' என்றால் பால். 'மம்மு' என்றால் சோறு. 'உம்மாச்சி' என்றால் சாமி. இவை பாட்டி கொடுத்த பரம்பரைச் சொத்து. மற்றவை அவளே சம்பாதித்தவை. மைனா, புறா, கோழி, மேலே போகிற விமானம் எல்லாம் 'காக்கா'. நரைத்த மீசை வைத்தவர் எல்லாம் 'தாத்தா'. கீரை விற்க வருகிறவரைப் பார்த்து, "தாத்தா!" என்று கையை நீட்டுவாள். அன்றைக்கு ஒரு கட்டுக் கீரை இனாம்!

இரண்டு வயதை ஒட்டி, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குவாள். "அப்பா, வா." அவ்வளவுதான் வாக்கியம். அதற்காக மேலதிகாரியிடம் தலைவலி என்று பொய் சொல்லி, சீக்கிரம் வீடு திரும்பிய அப்பாக்கள் உண்டு.

இந்த வயதின் அருமை தமிழ்ப் புலவர்களுக்குத் தெரியும். தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடப் பிள்ளைத்தமிழ் என்று தனி இலக்கியமே படைத்தார்கள். அதில் பத்துப் பருவங்கள். செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, முத்தம் தருவது, தளர்நடை போட்டு வருவது, நிலாவை விளையாடக் கூப்பிடுவது என்று போகும்.

17-ம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் மிகவும் புகழ் பெற்றது. மதுரையில் அது அரங்கேறியபோது மீனாட்சியே சின்னப் பெண்ணாக வந்து, திருமலை நாயக்கர் மடியில் உட்கார்ந்து கேட்டாளாம். மன்னர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாளாம். இது கதை. ஆனால், பெண் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அப்பா இதைச் சந்தேகிக்க மாட்டார். சங்கிலியோ கண்ணாடியோ, அவர் மேல் என்ன இருந்தாலும் முதலில் கழற்றுகிறவள் அவள்தானே!

ஆண் பிள்ளைக்குப் பாடும்போது, சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை அவன் காலால் சிதைப்பதாக ஒரு பருவம் உண்டு. பெண் பிள்ளைக்கு அந்தப் பருவம் இல்லை. அம்மானை, நீராடல், ஊசல் என்று சாதுவான விளையாட்டுகள். மடித்து வைத்த துணி அடுக்கின் பக்கம் ஒரு பெண் குழந்தையை விட்டுப் பார்த்திருந்தால் புலவர்கள் மாற்றிப் பாடியிருப்பார்கள்!

21 மாதக் கணக்கு

பத்துப் பருவங்களுக்கும் இலக்கண நூல்கள் சொல்லும் காலம், 3-ம் மாதம் முதல் 21-ம் மாதம் வரைதான். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு நெஞ்சில் தைக்கும். பிரசவ விடுமுறை முன்பு 12 வாரம். 2017-ல் வந்த சட்டத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021-ல் ஒரு வருஷமாக உயர்த்தியது. பெரிய உதவிதான். ஆனாலும் 26 வாரம் என்றால் ஆறு மாதம். சப்பாணி கொட்டுவது 9-ம் மாதம். நடந்து வருவது 13-ம் மாதம். அதற்குள் அம்மா அலுவலகத்தில் இருப்பாள். அப்பாக்கள் பாடு இன்னும் மோசம். மத்திய அரசு ஊழியருக்கே 15 நாள்தான்.

குழந்தையின் முதல் அடி பகல் 11 மணிக்கு விழுந்துவிட்டால் என்ன செய்வது?

ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. கட்டில் காலைப் பிடித்து நின்ற பேத்தி, கையை விட்டாள். மூன்று அடி வைத்தாள். தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள். பார்த்தது பாட்டி ஒருத்தி. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு அம்மாளும் பார்த்துவிட்டார். பாட்டி மருமகளுக்குப் போன் செய்யப் போனார். எண்ணைத் தொடும் முன், போனை வைத்துவிட்டார்.

மாலை 6:30-க்கு மருமகள் வந்தாள். செருப்பைக் கழற்றிக் கொண்டிருக்கும்போதே குழந்தை எழுந்தது, அம்மாவைப் பார்த்து நடந்தது. "அத்தை! இங்கே பாருங்கள், பாப்பா நடக்கிறாள்!" என்று அவள் கத்தினாள். கண்ணில் தண்ணீர்.

பாட்டி சமையல் அறையில் இருந்து ஓடி வந்தார். "அடி என் கண்ணே! காலையில் இருந்து நகரவே இல்லையே. அம்மா வரட்டும் என்று காத்திருந்தாயா?" என்று கையைத் தட்டினார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்தார். "உங்கள் பேத்தி நேற்றுக் காலையிலேயே..." என்று தொடங்கினார். மருமகள் அப்போது வாசலில்தான் நின்றிருந்தாள்.

"காப்பி ஆறுகிறது, முதலில் உள்ளே வாருங்கள்!" என்று பாட்டி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.